வாசலில் ஒரு வாட்ச்மேன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் காலிங் பெல் அடித்தால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அபார்ட்மென்ட் மெயின்டெனன்ஸ் பணம். இரண்டு, யார் வீட்டிலோ கம்ப்யூட்டர் மக்கர். அன்றைக்கு வந்தவர் மூன்றாவது மாடி நண்பர். கையில் பணம் கேட்கும் நோட்டு இல்லை. ஆகவே இரண்டாவது.

‘‘ஸார், நெட்ல கண்டதையும் பார்க்காம இருக்க ஏதாவது பண்ண முடியுமா? பையன் ப்ளஸ் ஒன். பொண்ணு ஒன்பதாவது. ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் ரூம்ல லைட் எரியுது. பயமா இருக்கு ஸார்.’’

‘‘முடியும்.’’

‘‘எவ்வளவு ஆகும்?’’

‘‘இலவசம்.’’

அவர் முகத்தில் வந்த நிம்மதியில் பாதி பிள்ளைகளுக்காக, மீதி அந்தக் கடைசி வார்த்தைக்காக என்று நினைக்கிறேன். லுங்கியை மாற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் பற்றித்தான் இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செய்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட்டில் கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நாம் பெயரை அடிக்கிறோம். அதை எண்ணாக மாற்றித் தர யாராவது வேண்டும். ஆரம்ப காலத்தில், அமெரிக்காவின் ஆர்பாநெட் நாட்களில், எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண்மணியின் குழு அந்த ஃபைலைப் பராமரித்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் ஃபைலில் எழுதிக்கொள்வார்கள். ஊரே ஒரு கல்யாண அழைப்பிதழ் லிஸ்ட் அளவுக்கு இருந்தவரை அது சரிப்பட்டது. ஊர் பெருகியபோது முடியவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் அந்த ஒரு லிஸ்ட்டை உலகம் முழுக்கப் பங்கு பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அதுதான் டி.என்.எஸ்.

இன்றைக்கும் நீங்கள் எந்தத் தளத்தின் பெயரை அடித்தாலும் உங்கள் கம்ப்யூட்டர் முதலில் ஒரு டி.என்.எஸ். சர்வரைக் கேட்கிறது. தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் வழி கேட்பது போல. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கடைக்காரர் யார் என்பதை இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனியே தீர்மானித்துவிடுகிறது. ஆனால், கடையை மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. ரவுட்டருக்குள் போய் இரண்டு எண்களை மாற்றினால் போதும்.

இப்போது ஒரு கடைக்காரரை யோசியுங்கள். ‘பள்ளிக்கூடம் எங்கே?’ என்றால் சரியாகக் கை காட்டுகிறார். ‘ஒயின் ஷாப் எங்கே?’ என்றால், ‘அப்படி ஒன்று இந்த ஊரிலேயே இல்லையே தம்பி’ என்கிறார். கடை பின்னாலேயே இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டார். வடிகட்டும் டி.என்.எஸ். என்பது இதுதான். கதவைப் பூட்டுவதில்லை. முகவரியை மறைக்கிறது.

இப்படிப்பட்ட கடைகள் நிறைய உண்டு. 2006-ல் வந்த ஓபன் டி.என்.எஸ். அதில் முன்னோடி. 2010-ல் ஃபேமிலிஷீல்டு என்று குடும்பத்துக்கென்றே ஒரு ஜோடி எண்களைக் கொடுத்தார்கள். 2015-ல் சிஸ்கோ கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 2018 ஏப்ரல் முதல் தேதி க்ளவுட்ஃப்ளேர் தன் 1.1.1.1 என்ற எண்ணோடு வந்தது. சரியாக இரண்டு வருடம் கழித்து 1.1.1.3 என்று குடும்ப எண். அதனிடம் ஆபாசத் தளத்தின் பெயரைக் கேட்டால் ‘0.0.0.0’ என்று முகவரி தரும். முட்டுச்சந்துக்கு அனுப்புவது மாதிரி.

இவற்றைப் போன்ற ஒன்றைத்தான் (எது என்பது முக்கியமில்லை) நண்பர் வீட்டில் போட்டேன். ஆபாசம், சூதாட்டம், வைரஸ் பரப்பும் தளங்கள் என்று மூன்று கட்டங்களில் டிக். நாலாவதாக ஒரு கட்டம் இருந்தது. ‘யார் எதைக் கேட்டார்கள் என்ற குறிப்பைச் சேமிக்கவா?’

‘‘போட்டுடுங்க ஸார், இருக்கட்டும்’’ என்றார். நானும் போட்டேன். ஃபில்டர் காபி கொடுத்தார்கள். பிள்ளைகள் இருவரும் உள் ரூமில் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து நண்பர் மறுபடி வந்தார். லாக் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். திறந்து காட்டினேன். தடுக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ் நாலைந்து பெயர்கள் இருந்தன. எல்லாம் ஒரே ராத்திரி. சனிக்கிழமை 11.50-லிருந்து 12.05 வரை. அவர் தேதியை உற்றுப் பார்த்தார். மனைவியும் பிள்ளைகளும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சனிக்கிழமை அது.

‘‘ஏதோ வைரஸா இருக்கும் ஸார்’’ என்றார்.

‘‘இருக்கும்’’ என்றேன். சும்மா சொல்லவில்லை. உண்மையிலேயே இருக்கலாம். நாம் திறக்காத தளங்களைக் கூட விளம்பரங்களும் ஃபோனில் உள்ள ஆப்களும் நமக்குத் தெரியாமல் விசாரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. டி.என்.எஸ். லாக்கில் வீட்டிலிருந்து ஒரு பெயர் கேட்கப்பட்டது என்று மட்டும்தான் இருக்கும். கேட்டது யார், எந்த ஃபோனிலிருந்து, எதற்காக என்பது இருக்காது. மனிதர்கள் மீது தீர்ப்புச் சொல்ல அது ரொம்பப் பலவீனமான சாட்சி. இதை அன்றைக்கு அவரிடம் விளக்கமாகவே சொன்னேன். தன் விஷயத்தில் உடனே ஒப்புக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் படியேறி மூச்சு வாங்க வந்தார். இந்தத் தடவை முகம் வேறு மாதிரி இருந்தது.

‘‘பொண்ணு என்னவோ தப்பான சைட்டுக்குப் போயிருக்கா ஸார். நாலு மணிக்கு. அப்போ வீட்ல அவ மட்டும்தான்.’’

பார்த்தேன். தளத்தின் பெயரில் அந்த மூன்றெழுத்து ஆங்கில வார்த்தை இருந்தது உண்மை. ஆனால் அது வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித்தரும் தளம். மருத்துவர்கள் எழுதுவது. அதைச் சொல்லி முடிப்பதற்குள், ‘‘நான் கேட்டுட்டேன் ஸார், நல்லா சத்தம் போட்டுட்டேன்’’ என்றார்.

விஷயம் பிறகு அவர் மனைவி மூலமாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப் போயிருக்கிறது. ஏதோ பெரிய வியாதி என்று பயம். அம்மாவிடம் சொல்லக் கூச்சம். ஸ்கூலில் யாரிடமும் கேட்க முடியவில்லை. நெட்டில் கேட்டிருக்கிறாள். கடைக்காரர், ‘அப்படி ஓர் இடமே இல்லை’ என்றிருக்கிறார். லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அந்த வயதில் சகஜம்தான் என்று சிரித்து, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். உடம்பு சம்பந்தப்பட்ட வரை சுபம்.

ஆனால் அவள் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். ‘‘இத்தனை நாளா என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தீங்களாப்பா?’’

நண்பர் இதை என்னிடம் சொன்னபோது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னாலும்தான். நாலாவது கட்டத்தில் டிக் போட்டது என் விரல்.

ப்ளஸ் ஒன் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். யாருக்காக இத்தனை ஏற்பாடும் செய்யப்பட்டதோ, அவன் மூன்றாவது நாளே தன் லேப்டாப்பில் டி.என்.எஸ்.ஸை 8.8.8.8 என்று மாற்றிக்கொண்டுவிட்டான். அது கூகுள் 2009-ல் ஆரம்பித்த கடை. எதையும் வடிகட்டாது. அவன் கேட்டது எதுவும் லாக்கில் பதிவாகவே இல்லை. ஃபோனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவைப் போட்டாலும் இதேதான். ரவுட்டரில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆக, வேலி தாண்டத் தெரிந்தவன் தாண்டிவிட்டான். ஒரு சந்தேகத்தோடு வாசலுக்கு வந்தவள் மாட்டிக்கொண்டாள்.

இது எங்கள் அபார்ட்மென்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கைஸர் குடும்ப அறக்கட்டளை 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் போடும் வடிகட்டிகளைச் சோதித்தார்கள். மிகத் தளர்வாக வைத்தபோது ஆபாசத் தளங்களில் 87 சதவீதத்தைத் தடுத்தன. கூடவே உடல்நலத் தளங்களில் 1.4 சதவீதமும் மாட்டின. இறுக்கத்தை உச்சத்துக்குக் கொண்டு போனபோது ஆபாசத்தில் தடுபட்டது 91 சதவீதம். உடல்நலத்தில் 24 சதவீதம். அதாவது, பூட்டை முழுசாக இறுக்கியதில் கெட்டதில் கூடுதலாகத் தடுபட்டது நாலு சதவீதம்தான். நல்லதில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது.

வடிகட்டிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ தேறியிருக்கின்றன. இருந்தாலும் 2020 ஏப்ரல் முதல் தேதி, க்ளவுட்ஃப்ளேரின் குடும்ப எண் திறந்த அன்றே, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்குமான தகவல் தளங்கள் பலவற்றை அது ‘இல்லை’ என்று சொல்லிவிட்டது. வெளியிலிருந்து வாங்கிய பட்டியல்களில் எந்தப் பிரிவைச் சேர்ப்பது என்பதில் நடந்த தவறு. அன்றைக்கே திருத்தி, பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டது பெரிய விஷயம். ஆனால், கவனிக்க வேண்டியது வேறு. பட்டியலை யாரோ எங்கேயோ தயாரிக்கிறார்கள். எது அசிங்கம், எது அறிவு என்று அவர்கள் போட்ட கோடு நம் வீட்டு ஹாலுக்கு வந்துவிடுகிறது. டி.என்.எஸ். வடிகட்டிக்குப் பக்கங்களைப் படிக்கத் தெரியாது. தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். ஒரு தளத்தில் ஆயிரம் நல்ல பக்கமும் ஒரு மோசமான பக்கமும் இருந்தால், ஒன்று எல்லாம் வரும், அல்லது எதுவும் வராது.

இலவசம் என்பதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். ஓபன் டி.என்.எஸ். பல வருடங்கள், நாம் தப்பாக அடித்த பெயர்களுக்குப் பதிலாக விளம்பரப் பக்கம் காட்டிச் சம்பாதித்தது. 2014-ல்தான் அதை நிறுத்தினார்கள். வழி சொல்கிறவருக்கு நாம் போகிற எல்லா இடமும் தெரியும். அதை எத்தனை நாள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதுதான் அந்தச் சேவையின் விலை. கணக்கில் கைவைப்பதற்கு முன்னால் அவர்கள் கொள்கைப் பக்கத்தைப் படிப்பது உத்தமம்.

சரி, கேள்விக்கு வருவோம். நன்மைக்காக ஒருவரிடமிருந்து முகவரியை மறைக்கலாமா?

வள்ளுவர் பொய்க்கு ஒரு விதிவிலக்குக் கொடுத்திருக்கிறார். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யோடு சேர்த்தி என்கிறார். நாம் எல்லோரும் நன்மை என்ற பாதியைப் பிடித்துக்கொண்டு, குற்றமில்லாத என்ற பாதியைச் சௌகரியமாக விட்டுவிடுகிறோம். வைரஸ் தளத்தை மறைத்தால் யாருக்கும் குற்றமில்லை. பதினான்கு வயதுப் பெண்ணின் பயத்துக்குப் பதிலை மறைத்தால் இருக்கிறது.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ஒருவனுடைய சொந்த நன்மைக்காகவே என்றாலும் அவனைக் கட்டாயப்படுத்த சமூகத்துக்கு உரிமை கிடையாது என்கிறார். உடனே, இது முதிர்ச்சி அடைந்தவர்களுக்குத்தான், குழந்தைகளுக்கு இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார். தத்துவத்துக்கு அது போதும். வீட்டுக்குப் போதாது. குழந்தை எந்த வியாழக்கிழமை பெரியவனாகிறது? பத்து வயதுக்கும் பதினேழு வயதுக்கும் ஒரே வடிகட்டியா?

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2014 மார்ச் மாதம் துருக்கி அரசாங்கம் ட்விட்டரைத் தடை செய்தது. முதலில் கையாண்டது இதே டி.என்.எஸ். உத்திதான். உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லோரும் ‘அப்படி ஓர் இடமே இல்லை’ என்றார்கள். இஸ்தான்புல் சுவர்களில் ஜனங்கள் பெயின்டால் 8.8.8.8 என்று எழுதி வைத்தார்கள். இன்னொரு கடைக்காரரின் முகவரி. ஏப்ரலில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தடை செல்லாது என்றது. நம் ஊரிலும் 2015 ஜூலை கடைசியில் 857 தளங்களை மூடச் சொல்லி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் பெருமளவு பின்வாங்கியது.

இஸ்தான்புல் இளைஞன் சுவரில் எழுதிய அதே எண்ணைத்தான் எங்கள் மூன்றாவது மாடிப் பையன் லேப்டாப்பில் போட்டான். அவனை வீரன் என்கிறோம். இவனைத் திருடன் என்கிறோம். கருவி ஒன்றுதான். அரசாங்கம் செய்தால் தணிக்கை, அப்பா செய்தால் அக்கறை என்று சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். அக்கறை என்றுதான் எல்லா அரசாங்கங்களும் சொல்கின்றன.

வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது. அமெரிக்காவில் 2003-ல் ஒரு வழக்கு. அரசு உதவி பெறும் பொது நூலகங்கள் வடிகட்டி போட்டே ஆக வேண்டும் என்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஒரு முக்கியமான காரணம், பெரியவர் யாராவது கேட்டால் நூலகர் அதை விலக்கிக் கொடுக்கலாம் என்பது. கேட்பதற்கு ஓர் ஆள், ஒரு மேஜை இருக்கிறது. அதை யோசித்தபோதுதான் எனக்கு மூன்று கேள்விகள் தோன்றின. வடிகட்டி இருப்பது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியுமா? ‘இதைத் திற’ என்று அவர் கூச்சமில்லாமல் கேட்க முடியுமா? ஒருநாள் இது விலகும் என்று அவருக்கு நம்பிக்கை உண்டா?

மூன்றுக்கும் ஆம் என்றால் அது பால்கனி கம்பி. இல்லையென்றால் ஜெயில் கம்பி. பால்கனி கம்பியை யாரும் ரகசியமாகப் போடுவதில்லை. குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கிறது. விழுவதில்லை. நாம் அங்கே கேமரா வைத்து, எத்தனை தடவை எட்டிப் பார்த்தாய் என்று கணக்குக் கேட்பதில்லை.

‘அப்படியானால் எடுத்துவிடச் சொல்கிறீர்களா?’ என்றால், இல்லை. பத்து வயதுப் பிள்ளை பாடத்துக்குப் படம் தேடும்போது பார்க்கக் கூடாதது எதிரே வந்து நிற்பது விளையாட்டில்லை. தேடிப் போகிறவனைத் தடுக்க இந்த வாட்ச்மேனால் முடியாது. தெரியாமல் வழி தவறுகிறவனைத் திருப்பி அனுப்ப முடியும். அது போதும். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது, பிள்ளை வளர்ப்பை மாதச் சம்பளம் கூட இல்லாத ஒருவரிடம் கான்ட்ராக்ட் விடுவது.

போன ஞாயிறு மறுபடி மூன்றாவது மாடிக்குப் போனேன். இந்தத் தடவை ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டி.என்.எஸ். என்றால் என்ன என்பதை ஒரு பேப்பரில் படம் போட்டுச் சொன்னேன். பையன் எனக்கே இரண்டு திருத்தம் சொன்னான். லாக் வைக்கும் டிக்கை எல்லோர் முன்னாலும் எடுத்தேன். பழைய குறிப்புகளை அழித்தேன். பெண் அதுவரை பேசவேயில்லை. பிறகு கேட்டாள்.

‘‘அங்கிள், இது அப்பாவுக்கும் சேர்த்துத்தானா?’’

நண்பர் என்னைப் பார்த்தார். நான் ரவுட்டரைப் பார்த்தேன். ‘‘வீட்டுக்கே சேர்த்துத்தான்மா’’ என்றேன்.

‘‘அப்போ சரி.’’

கடைசியில் ஓர் ஏற்பாடு. ஏதாவது நல்ல தளம் தடுபட்டால் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் திறந்துகொள்ளலாம். ரவுட்டரின் பாஸ்வேர்டை நண்பரின் மனைவி ஒரு சீட்டில் எழுதி, சமையலறை அலமாரியில் காபிப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்தார். எல்லோருக்கும் தெரியும்படிதான் வைத்தார்.

அதை இதுவரை யாராவது எடுத்துப் பயன்படுத்தினார்களா என்று பார்க்க வழி இருக்கிறது. பார்த்துச் சொல்லட்டுமா என்று நண்பரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘‘வேணாம் ஸார், காபி சாப்பிடுங்க’’ என்றார்.